பிரின்டர் ஏன் பேச மாட்டேன் என்கிறது? வாசகர் கேள்வி பதில்

பள்ளிகள் திறந்து புராஜெக்ட் வேலைகள் தொடங்கியதும் நமக்கு வரும் கேள்விகளும் மாறிவிட்டன. இந்த முறை பெரும்பாலும் வீட்டு வைஃபை பிரின்டர் பற்றித்தான். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று: இத்தனை கடிதங்களிலும் பிரின்டர் நிஜமாகவே பழுதானதாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். மற்றதில் பெரும்பாலும் வைஃபை சிக்கல், பழி மட்டும் பிரின்டர் மேல்.

கேள்வி: பையனுக்காக இங்க் டேங்க் பிரின்டர் வாங்கினோம். கடைக்காரர் "ஆப் போட்டா அதுவே எல்லாத்தையும் பார்த்துக்கும்" என்றார். ஆப்போ "பிரின்டர் கிடைக்கவில்லை" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. எங்கள் வைஃபை இரண்டு பெயரில் தெரிகிறது, ஒன்றின் கடைசியில் 5ஜி என்று இருக்கிறது. பிரின்டரில் திரை கிடையாது, நாலைந்து பட்டன்தான். திருப்பிக் கொடுத்துவிடலாமா?
(ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

திருப்பிக் கொடுக்க வேண்டாம்மா. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

அந்த 5ஜி, செல்போன் கம்பெனிகள் விளம்பரம் செய்கிற 5ஜி இல்லை. உங்கள் ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் வைஃபை தருகிறது. 5 வேகமானது, ஆனால் சுவர் குறுக்கே வந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். வீட்டுக்கு வாங்கும் பிரின்டர்களில் நிறைய மாடல்களுக்கு 2.4 மட்டும்தான் தெரியும், பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் போன் 5-ல் இருக்கும், ஆப் அந்தப் பெயரையே எடுத்து பிரின்டருக்குக் கொடுக்கும், பிரின்டரின் கண்ணுக்கு அப்படி ஒரு வைஃபையே தெரியாது. அவ்வளவுதான் விஷயம். அதனால் முதல் வேலை, போனை 5ஜி என்று முடியாத பெயரில் இணைப்பது.

அடுத்தது மொபைல் டேட்டாவை அணைப்பது. இதை நிறையப் பேர் செய்வதில்லை. திரை இல்லாத பிரின்டர், செட்டப்பின்போது தானே ஒரு தற்காலிக வைஃபையைக் கிளப்பும். ஆப் உங்கள் போனை ஒரு நிமிடம் அந்த வைஃபைக்கு அழைத்துப்போய், வீட்டு வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் பிரின்டர் காதில் ஓதிவிட்டுத் திரும்பிவர வேண்டும். நடுவில் போன் "இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?" என்று கேட்கும். பதறிப்போய் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டால் அந்த இடத்திலேயே எல்லாம் அறுந்துவிடும். "ஆமாம்" கொடுங்கள். மொபைல் டேட்டா ஓடிக்கொண்டிருந்தால் சில போன்கள் நம்மைக் கேட்காமலேயே அந்தப் பக்கம் தாவிவிடும், அதற்காகத்தான் அணைக்கச் சொல்வது.

ஆப் லொக்கேஷன் அனுமதி கேட்டால் கொடுங்கள், போனில் லொக்கேஷனையும் ஆன் செய்துவையுங்கள். பிரின்டருக்கு நம் ஊர் எதற்கு என்று தோன்றும், நியாயம்தான். சுற்றிலும் என்னென்ன வைஃபை இருக்கிறது என்று பார்த்தாலே ஆள் எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதால், வைஃபை தேடுவதையே லொக்கேஷன் அனுமதிக்குள் வைத்துவிட்டது ஆண்ட்ராய்டு. செட்டப் முடிந்ததும் அனுமதியை எடுத்துவிடலாம். ஐபோன் என்றால் "லோக்கல் நெட்வொர்க்" என்று தனியாக ஓர் அனுமதி கேட்கும். அதற்கு முதல் நாளே "வேண்டாம்" சொல்லிவிட்டு வாரக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இப்போது பிரின்டர் பக்கம் போவோம். வைஃபை படம் போட்ட பட்டனை விளக்கு மின்னும் வரை சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். எத்தனை நொடி, எந்த நிறம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், உடன் வந்த தாளில் படமாகவே இருக்கும். மின்னிக்கொண்டிருந்தால் அது காத்திருக்கிறது என்று அர்த்தம், அணையாமல் நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. பெட்டியைத் திறந்து ரொம்ப நேரம் கழித்து செட்டப் செய்தால் மின்னுவது தானாக நின்றுபோயிருக்கும். மறுபடி பிடித்து அழுத்த வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் போனை மீண்டும் 5-க்கு மாற்றிக்கொள்ளலாம். பெயர் இரண்டானாலும் ரவுட்டர் ஒன்று என்பதால் பிரின்ட் வரும். சிலர் வீட்டில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்கள். அவர்கள் ரவுட்டர் செட்டிங்கில் 5-ஐ ஒரு பத்து நிமிடம் அணைத்துவிட்டு பிரின்டரைச் சேர்த்தபின் திரும்பப் போட்டால் போதும். தெரியாவிட்டால் இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த தம்பிக்கு ஒரு போன் போடுங்கள், அவருக்கு இது தினசரி வேலை. அப்புறம், பிரின்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். செட்டப் செய்த அன்று அருமையாக வேலை செய்யும் பிரின்டர், கரன்ட் போய் வந்தால் "ஆஃப்லைன்" ஆகிவிடுகிறது. போனில் பிரின்ட் கொடுத்தால் வருகிறது, விண்டோஸ் லேப்டாப்பில்தான் வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் பிரின்டரை லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கிறேன். ஜிஎஸ்டி கடைசித் தேதியில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். என்ன வழி?
(கணக்கர், தாம்பரம்)

சார், போனில் வருகிறது, லேப்டாப்பில் வரவில்லை என்ற ஒரு வரியிலேயே பாதி நோயைச் சொல்லிவிட்டீர்கள். பிரின்டர் வைஃபையில் நன்றாகத்தான் இருக்கிறது. அது குடி மாறிவிட்டது, உங்கள் லேப்டாப் மட்டும் பழைய வாசலிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் ஐபி எண் கொடுக்கும், 192.168.1.5 என்பது போல. நிரந்தரமாக அல்ல, தற்காலிகமாக. கரன்ட் போய் ரவுட்டர் மறுபடி எழுந்திருக்கும்போது பல சாதாரண ரவுட்டர்களுக்கு முன்பு யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற நினைவு இருக்காது. முதலில் வந்து கேட்கும் டிவிக்கோ பக்கத்து அறை போனுக்கோ பிரின்டரின் பழைய எண் போய்விடும். போன் ஒவ்வொரு தடவையும் "இங்கே பிரின்டர் யாராவது உண்டா?" என்று புதிதாகக் கூப்பிட்டுத் தேடுகிறது, அதனால் கண்டுபிடித்துவிடுகிறது. உங்கள் லேப்டாப் பழைய எண்ணை எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மருந்து, பிரின்டருக்கு என்று ஓர் எண்ணை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுவது. முதலில் பிரின்டரிலிருந்து நெட்வொர்க் விவரப் பக்கத்தை அச்சிடுங்கள், பல மாடல்களில் ஏதோ ஒரு பட்டனைப் பிடித்தால் வரும். அதில் இப்போதைய ஐபி எண்ணும் மேக் முகவரியும் இருக்கும். மேக் முகவரி என்பது இரண்டிரண்டாகப் பிரித்து எழுதிய பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம், இது மாறாது. பிறகு பிரவுசரில் ரவுட்டரின் பக்கத்தைத் திறக்க வேண்டும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, சரியான முகவரியும் பாஸ்வேர்டும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டிஹெச்சிபி என்ற பகுதிக்குள் "அட்ரஸ் ரிசர்வேஷன்" அல்லது "ஸ்டேடிக் லீஸ்" என்று ஒன்று தெரியும். அங்கே பிரின்டரின் மேக் முகவரியைப் போட்டு, பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த ஓர் எண், 192.168.1.50 என்று வைத்துக்கொள்ளுங்கள், கொடுத்துச் சேமியுங்கள். பிரின்டரை அணைத்துப் போட்டால் புது எண்ணில் வரும், இனி எத்தனை தடவை கரன்ட் போனாலும் அதே எண்தான்.

பாதி வேலை இன்னும் இருக்கிறது. விண்டோஸ் தானாகவே பிரின்டரைச் சேர்க்கும்போது பல சமயம் டபிள்யூஎஸ்டி என்ற வகை போர்ட்டை, அதாவது லேப்டாப் பிரின்டருக்குப் போகும் வழியை, அமைத்துவிடும். வீட்டு ஆஃப்லைன் தொல்லைகளில் பெரும்பங்கு இதனால்தான் என்பது என் எண்ணம். பிரின்டர் பிராப்பர்ட்டீஸுக்குள் போய், போர்ட்ஸ் தாவலில் "ஆட் போர்ட்" கொடுத்து, "ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்" என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒதுக்கிய எண்ணைக் கொடுங்கள். அதன் பிறகும் பிரின்டர் விழித்துக்கொண்டே இருக்கும்போது ஆஃப்லைன் என்று காட்டினால், அதே இடத்தில் "கான்ஃபிகர் போர்ட்" அழுத்தி, "எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிரின்டரிடம் விண்டோஸ் நலம் விசாரிக்கும் வழி அது. சரியான பதில் வரவில்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

கரன்ட் வந்ததும் எதை முதலில் போடுவது என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். ரவுட்டர் முதலில், இரண்டு நிமிடம் கழித்து பிரின்டர். இன்வெர்ட்டர் இருந்தால் ரவுட்டரை மட்டுமாவது அதில் இணைத்துவையுங்கள், சின்ன அடாப்டர்தான், அதிகம் இழுக்காது.

கேள்வி: ரவுட்டரில் டபிள்யூபிஎஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினாலே பிரின்டர் சேர்ந்துவிடுமாம். ஆனால் அது ஆபத்து என்று மகன் தடுக்கிறான். யார் சொல்வது சரி?
(ஒரு வாசகர், நாகர்கோவில்)

இரண்டு பேரும் சரி. ரவுட்டரில் பட்டனை அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் பிரின்டரிலும் அழுத்தினால் பாஸ்வேர்டு தட்டாமலேயே சேர்ந்துவிடும். மகன் சொல்லும் ஆபத்து டபிள்யூபிஎஸ்ஸின் இன்னொரு முறையான எட்டு இலக்க பின் எண்ணில் இருக்கிறது. அந்த எட்டு இலக்கத்தை ரவுட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் பூட்டைத் திறந்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் வெளியானது. ஆகவே ரவுட்டர் செட்டிங்கில் பின் முறையை அணையுங்கள், பட்டனை வேலை முடியும்வரை பயன்படுத்திவிட்டு அதையும் அணையுங்கள். புது ரவுட்டரில் பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் இந்தப் பட்டன் வேலை செய்யாது, பழைய பிரின்டர் அந்த வைஃபையில் சேரவும் சேராது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த நிலைக்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கோயில் மலருக்குக் கட்டுரைகளைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். போனுக்கு அனுப்பி வைஃபை பிரின்டரில் அச்சிட்டால் தமிழ் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. பிரின்டருக்குத் தமிழ் தெரியாதா?
(மன்னார்குடி)

ஐயா, பிரின்டருக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. புள்ளி வைக்க மட்டும்தான் தெரியும். நீங்கள் பாமினியில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. "வணக்கம்" என்று நீங்கள் அடித்தது உள்ளே டி, இசட், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்றுதான் பதிவாகியிருக்கும். அந்த டி-க்கு "வ" என்ற வேஷம் போட்டுக் காட்டுவது எழுத்துரு. உங்கள் கணினியில் பாமினி இருக்கிறது, தமிழ் தெரிகிறது. போனில் இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. போன் எதைப் பார்த்ததோ அதைத்தான் பிரின்டருக்கு அனுப்பும்.

இப்போதைக்கு, தட்டச்சு செய்த அதே கணினியில் கோப்பைத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்து, அந்தப் பிடிஎஃப்பைப் போனுக்கு அனுப்புங்கள். பிடிஎஃப் எழுத்துருவையும் தன்னோடு சுமந்துகொண்டு போகும், அதனால் எங்கே அச்சிட்டாலும் எழுத்து மாறாது. அப்படியும் எங்காவது கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், கணினியில் அடோபி ரீடரின் பிரின்ட் பெட்டியில் "அட்வான்ஸ்டு" என்பதைத் திறந்து "பிரின்ட் ஆஸ் இமேஜ்" என்று கொடுங்கள். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் பக்கத்தைப் படமாக அனுப்புவதால் எழுத்து பிசகாது.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால் யூனிகோடுக்கு மாறுவதுதான் வழி. தமிழ் யூனிகோடில் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது, தமிழ்நாடு அரசு 2010-ல் அதை ஏற்று ஆணையும் போட்டுவிட்டது. பாமினிக் கோப்புகளை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விரல் பாமினிக்குப் பழகிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். அதே விசை வரிசையில் அடித்து யூனிகோடு எழுத்து வரவைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. மாற்றிய பின் ஒரு முறை மெய்ப்புப் பாருங்கள், மேற்கோள் குறிகள் சில இடங்களில் தாறுமாறாக வந்திருக்கும். உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கேள்வி: பிரின்டர் ஆஃப்லைன் என்று வந்ததால் இணையத்தில் கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி அழைத்தேன். பேசியவர் ஒரு ஆப் போடச் சொல்லி என் கம்ப்யூட்டரை அங்கிருந்தே பார்த்தார். வைரஸ் இருக்கிறது, பிரின்டர் லைசென்ஸ் முடிந்துவிட்டது, 4,800 ரூபாய் கட்டுங்கள் என்றார். கட்டிவிட்டேன். பிரின்டர் இன்னும் ஆஃப்லைன்தான். ஏமாந்துவிட்டேனா?
(ஒரு வாசகி, கரூர்)

ஆமாம். மோசடிதான். இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நேரம் போகப்போகப் பணத்தை மடக்குவது கடினம். அந்த ஆப்பை நீக்குங்கள், அந்தக் கம்ப்யூட்டரில் உள்ளே போயிருந்த மெயில், வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

பிரின்டர் லைசென்ஸ் என்று ஒன்று முடிவடைந்து ஆஃப்லைன் ஆவது கிடையாது. பிரின்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளுக்கு எந்தப் பெரிய கம்பெனியும் காசு வாங்குவதில்லை. பிரின்டர் ஆஃப்லைன் என்று தேடுபவர் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பார், அவசரத்தில் இருப்பார் என்பது இந்தக் கும்பல்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் கம்பெனிப் பெயர் மாதிரியே தளம் வைத்து, விளம்பரம் கொடுத்து, தேடலில் மேலே வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நம்பர் வேண்டுமென்றால் பெட்டியில் உள்ள வாரன்டி அட்டையில் இருப்பதை மட்டும் எடுங்கள். உங்கள் திரையை எங்கோ இருப்பவர் பார்க்கும் ஆப்பை, நீங்கள் தேடிப்பிடித்த நம்பரில் பேசியவர் சொன்னார் என்பதற்காகப் போடவே போடாதீர்கள். உங்கள் பிரின்டர் ஆஃப்லைனுக்கு மருந்து தாம்பரத்துக்காரருக்குச் சொன்னதுதான், செலவு எதுவும் இல்லை. இதில் வெட்கப்படவும் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரே தொழிலாக இருப்பவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள்.

கேள்வி: கம்பெனி ஆப்பை வைத்தே ஆக வேண்டுமா? கணக்குத் தொடங்கு, மெயில் கொடு, இங்க் வாங்கு என்று தினமும் தொந்தரவு.
(ஒரு வாசகர், ஈரோடு)

செட்டப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தூக்கிவிடலாம். ஐபோனில் ஏர்பிரின்ட் 2010 முதல் உண்டு. ஆண்ட்ராய்டிலும் 2017-ல் வந்த 8-ஆம் பதிப்பிலிருந்து பிரின்ட் வசதி உள்ளேயே இருக்கிறது. கோப்பைத் திறந்து மூன்று புள்ளியிலோ ஷேரிலோ "பிரின்ட்" கொடுத்தால் வீட்டு பிரின்டர் பெயர் தானாக வரும். ஸ்கேன் செய்ய, இங்க் அளவு பார்க்க ஆப் வசதிதான், அவை அடிக்கடி தேவைப்பட்டால் வைத்துக்கொண்டு நோட்டிஃபிகேஷனை மட்டும் அடைத்துவிடுங்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். நாலு பேர் சேர்ந்து பிரின்டர் வாங்கினோம். ஹாஸ்டல் வைஃபையில் லாகின் பக்கம் வந்து அட்மிஷன் நம்பர் கேட்கிறது, பிரின்டரில் அதை எப்படி அடிப்பது?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

அடிக்க முடியாது தம்பி, விட்டுவிடுங்கள். லாகின் பக்கத்தைத் திறக்க பிரவுசர் வேண்டும், பிரின்டரிடம் அது இல்லை. எப்படியோ சேர்த்தாலும், ஹாஸ்டல், ஓட்டல் மாதிரி இடங்களில் ஒரு கருவியை இன்னொரு கருவி பார்க்க முடியாதபடி பிரித்துத்தான் வைப்பார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், இல்லையென்றால் மாடி முழுக்க உங்கள் பிரின்டரில் ரெக்கார்டு நோட்டு அச்சடித்துவிடும்.

உங்களுக்கு வைஃபை டைரக்ட் சரியாக இருக்கும். பிரின்டர் தானே ஒரு வைஃபையாக நிற்கும், பெயர் "டைரக்ட்" என்று தொடங்கும், பாஸ்வேர்டு நெட்வொர்க் விவரப் பக்கத்தில் அச்சாகி வரும். போனையோ லேப்டாப்பையோ அதில் இணைத்து பிரின்ட் கொடுத்துவிட்டுத் திரும்ப ஹாஸ்டல் வைஃபைக்கு வந்துவிட வேண்டும். அதில் இருக்கும்வரை இன்டர்நெட் வராது, கோப்பை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போன் ஹாட்ஸ்பாட்டில் பிரின்டரைச் சேர்ப்பதும் நடக்கிற காரியம்தான், ஆனால் அவர் ஊருக்குப் போன அன்று மற்ற மூன்று பேரும் முழிக்க வேண்டியிருக்கும். யுஎஸ்பி கேபிள் ஒன்றை வாங்கி டிராயரில் போட்டுவையுங்கள். புராஜெக்ட் கொடுக்கும் நாளில் அதுதான் காப்பாற்றும்.

கேள்வி: பழைய யுஎஸ்பி பிரின்டர் இன்னும் நன்றாக ஓடுகிறது. அதை வைஃபை பிரின்டர் ஆக்க முடியுமா?
(ஒரு வாசகர், சேலம்)

முடியும். வீட்டில் எப்போதும் ஓடும் டெஸ்க்டாப் இருந்தால் அதில் செருகி, விண்டோஸில் "ஷேர் திஸ் பிரின்டர்" டிக் செய்தால் மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போய்ச் சேரும், போன்களுக்கு நேரடியாகப் போகாது. ரவுட்டரில் யுஎஸ்பி ஓட்டை இருக்கிறதே என்று செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. பிரின்டர் ஷேரிங் என்று அதன் செட்டிங்கில் இருந்தால்தான் வேலை செய்யும், பென்டிரைவுக்கு மட்டுமான ஓட்டையாகவும் இருக்கலாம். கைவேலையில் ஆசை இருந்தால் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் கப்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டு பிரின்டரை அதில் இணைக்கலாம், போனிலிருந்துகூட பிரின்ட் வரும். ஆனால் போர்டில் ஓடுவது விண்டோஸ் அல்ல, லினக்ஸ் என்பதால் அந்தப் பழைய பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இதற்காகவே போர்டு, அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் புதிதாக வாங்குவதாக இருந்தால் வேண்டாம், அந்தக் காசைச் சேர்த்துவைத்துப் புதிதாகவே வாங்குங்கள்.

கேள்வி: மாதத்துக்கு நாலைந்து பக்கம்தான் அச்சிடுவோம். இங்க் டேங்க் வாங்கினோம், ஒவ்வொரு தடவையும் கோடு கோடாக வருகிறது. ஹெட் கிளீனிங் கொடுத்துக் கொடுத்து இங்க் தீர்ந்ததுதான் மிச்சம். வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சையும் மறக்காமல் அணைத்துவிடுகிறோம்.
(தம்பதி, காரைக்குடி)

நான் முதலில் சொன்ன அந்த ஒன்று இதுதான். காரணம் அந்தக் கடைசி வரியில் இருக்கலாம். பிரின்டரில் உள்ள பவர் பட்டனை அழுத்தி அணைத்தால், இங்க் ஹெட் ஓரத்துக்குப் போய் மூடியில் உட்கார்ந்துகொள்ளும், காற்று படாது. நேராகச் சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் இருந்த இடத்தில் திறந்தபடியே நின்றுவிடலாம். கரன்ட் பில்லுக்குப் பயந்து இதைச் செய்பவர்கள் நிறைய. முதலில் பட்டன், விளக்கு முழுதாக அணைந்ததும் சுவிட்ச், அந்த வரிசை முக்கியம்.

வாரம் ஒரு தடவை எல்லா வண்ணமும் இருக்கிற ஒரு பக்கத்தை அச்சிடுங்கள். ஹெட் கிளீனிங் இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள், சில மணி நேரம் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் இங்க் உள்ளே ஒரு பஞ்சில் போய்ச் சேர்கிறது, அது நிறைந்தால் பிரின்டர் நின்றுவிடும், பல மாடல்களில் சர்வீஸுக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

நீங்கள் சொல்லும் அளவுக்கு, கறுப்பு வெள்ளை போதுமென்றால் லேசர்தான் பொருத்தம். டோனர் என்பது பொடி, ஆறு மாதம் தொடாமல் வைத்தாலும் காயாது. ஆனால் லேசரை இன்வெர்ட்டரிலோ சின்ன யுபிஎஸ்ஸிலோ இணைக்காதீர்கள். பொடியைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் உருளை 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக வேண்டும், அந்த நொடியில் இழுக்கும் மின்சாரத்தில் இன்வெர்ட்டர் கத்தத் தொடங்கிவிடும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் மகள் அங்கிருந்தே எங்கள் வீட்டு பிரின்டரில் அச்சிட முடியும் என்கிறாள். அவள் அனுப்பும் கோப்புகளை நாங்களே அச்சிட்டால் தாள் அளவு தவறு என்று பிரின்டர் நின்றுவிடுகிறது.
(யாழ்ப்பாணம்)

முடியும்தான். முன்பு இதற்கு கூகுள் கிளவுட் பிரின்ட் இருந்தது, அதை 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். இப்போது பிரின்டர் கம்பெனிகளே வசதி தருகின்றன. உதாரணமாக எப்சன் தன் பல மாடல்களில் பிரின்டருக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுக்கிறது, அதற்குக் கோப்பை அனுப்பினால் வீட்டில் அச்சாகும். மகளின் மெயிலிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும்படி அனுப்புநர் பட்டியலைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகவரி தெரிந்த எவரும் உங்கள் இங்கைச் செலவழிக்கலாம். என்னைக் கேட்டால் வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வாங்கி நீங்களே பிரின்ட் கொடுப்பது எளிது, தாள் இருக்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டுமே.

தாள் சிக்கலுக்குக் காரணம் கனடாதான். அங்கே லெட்டர் தாள், 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நம் பக்கத்து ஏ4 தாளோ 210-க்கு 297. கோப்பு லெட்டர் கேட்கிறது, டிரேயில் ஏ4 இருக்கிறது, பிரின்டர் நின்றுவிடுகிறது. பிரின்ட் கொடுக்கும் பெட்டியில் தாள் அளவை ஏ4 என்று மாற்றி, "ஃபிட் டு பேஜ்" கொடுங்கள். தாள் அளவு சரியாக இருந்தும் நின்றால், பிரின்டரின் சொந்த செட்டிங்கிலும் தாள் லெட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஆதார் பிடிஎஃப்பைப் போனிலிருந்து அச்சிட முடியவில்லை. மற்றதெல்லாம் வருகிறது.
(பலர்)

அது பூட்டிய கோப்பு. பாஸ்வேர்டு, ஆதாரில் உள்ளபடி உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதன்பின் பிறந்த ஆண்டு. பூட்டிய கோப்பை அப்படியே அனுப்பினால் பல பிரின்ட் ஆப்கள் மறுத்துவிடும். கம்ப்யூட்டரில் குரோமில் திறந்து பாஸ்வேர்டு கொடுத்து, அங்கிருந்தே பிரின்ட் கொடுங்கள். போனில்தான் வேண்டுமென்றால் அதே பிரின்ட் பெட்டியில் "சேவ் ஆஸ் பிடிஎஃப்" கொடுத்தால் பூட்டில்லாத பிரதி ஒன்று கிடைக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பிரதியை அழித்துவிடுங்கள்.

கேள்வி: பழைய வைஃபை பிரின்டரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கப்போகிறோம். அதில் நம் விவரம் ஏதாவது இருக்குமா?
(ஒரு வாசகி, வேலூர்)

உங்கள் வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் அதில் இருக்கும். மெயிலுக்கு ஸ்கேன் அனுப்பும்படி அமைத்திருந்தால் மெயில் விவரமும், ஃபேக்ஸ் உள்ள மாடல் என்றால் நம்பர்களும் இருக்கும். செட்டிங்கில் "ரீஸ்டோர் ஃபேக்டரி டிஃபால்ட்ஸ்" கொடுங்கள், நெட்வொர்க் மட்டும் ரீசெட் ஆகும் பட்டன் வேறு, முழு ரீசெட் வேறு. மெமரி கார்டு செருகும் இடத்தையும் ஸ்கேனர் மூடியையும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள், ரேஷன் கார்டோ மார்க் ஷீட்டோ கண்ணாடி மேலேயே இருக்கும்.